வயதும் வலுவும்: முதியோர் மருத்துவத்தில் மதிப்பீட்டின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

முதியவர் ஒருவர் நோயுற்றவிடத்து மருத்துவன் முன் இரு வினாக்கள் எழுகின்றன. அவருக்கு எத்தனை வயது என்பது ஒன்று. அவருடைய உடல் எதனைத் தாங்கும் என்பது மற்றொன்று. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. ‘இந்த வயதில் இனி எதற்கு ஒப்பறேசன்’ என்னும் கூற்றில் வயதே வினாவாகவும் வயதே விடையாகவும் அமைந்துவிடுகின்றது. எழுபத்தெட்டு வயதிலும் பனங்காணியைச் சுற்றிவரும் ஒருவரும், அறுபதிலேயே திண்ணையை விட்டு எழ முடியாதவரும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றனர். ‘முதியோர்’ என்ற அச்சொல்லுக்குள் வேறுபாடுகள் யாவும் மறைந்துபோகின்றன.

வயது, வலு ஆகிய இவ்விரு அளவைகளும் எக்காலத்தில் எவ்வாறு பிரித்தறியப்பட்டன, எக்காலத்தில் ஒன்றாகக் கலந்தன, அக்கலப்பினால் யார் பயனடைந்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. எவரது வாழ்வு நீட்டிக்கத் தக்கது என்று ஒரு சமுதாயம் கருதுகின்றதோ அதில் அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகள் தெளிவாகப் புலப்படும். ஆகவே சமூக வரலாற்று மாணவரும் இலக்கிய மாணவரும் இதனை ஒதுக்கிவிட இயலாது.

நமது நோக்கிற்கு உரைகல்லாக யாழ்ப்பாணத் தீவகத்தின் நடுவில் அமைந்த புங்குடுதீவை எடுத்துக்கொள்கின்றோம். ஒல்லாந்தர் மிடில்பேர்க் எனப் பெயரிட்ட இத்தீவு, உழைக்கும் வயதினரைத் தலைமுறை தலைமுறையாக வெளியே அனுப்பிவந்தது. முதலில் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் வணிகத்தின் பொருட்டும், பின்னர் போரின் காரணமாக உலகெங்கும் அதன் மக்கள் சென்றனர். முதுமையைப் பற்றிய பொதுவான கூற்றுகள் இத்தகையதோர் இடத்தில் எவ்வளவு தூரம் நிலைபெறும் என்பதைச் சோதித்துப் பார்த்தல் பயனுடையது.

2

பழைய மருத்துவம் வயதை மட்டுமே நோக்கியது என்று எண்ணுதல் தவறாகும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், கற்ற மருத்துவன் கருதவேண்டியன என மூன்று கூறப்படுகின்றன: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம். இவற்றுள் முதலாவதனை விரித்துரைக்கும் பரிமேலழகர், பகுதி, பருவம், வேதனை, வலி என நான்கினைப் பிரித்துக் காட்டுவர். பருவம் என்பது வயது. வலி என்பது வலிமை. பருவமும் வலியும் வெவ்வேறாக எண்ணப்பட்டிருத்தல் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒன்று மற்றொன்றினுள் அடங்குவதாயின் உரையாசிரியர் இரண்டையும் கூறியிருக்க வேண்டியதில்லை.

இப்பகுப்புக்கு வடமொழி மருத்துவ நூல்களில் விரிவான அடிப்படை உண்டு. சரக சங்கிதையின் விமானத்தானம் நோயாளியை ஆராயும் முறைகள் பத்தினைக் கூறுகின்றது. வயது அவற்றுள் இறுதியாக வருவது. அதற்கு முன்னரே உண்ணும் ஆற்றலும் உடல் முயற்சியைத் தாங்கும் ஆற்றலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. பின்னதைச் செயல் செய்யும் திறனைக்கொண்டே அறிதல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. இவ்வாராய்ச்சியின் நோக்கமும் அங்கே தெளிவாக உரைக்கப்படுகின்றது: வலுக்குறைந்தவனுக்குக் கடுமையான மருந்தைக் கொடுத்தால் அம்மருந்தே அவனைக் கொல்லும், வலுவுடையவனின் கொடிய நோய்க்கு மென்மையான மருந்து பயன்தராது. வலுவின் அளவு சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கின்றதேயன்றிச் சிகிச்சை பெறும் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. இவ்வேறுபாட்டிற்குப் பின்னரும் நாம் திரும்பி வருவோம்.

முதுமை எங்குத் தொடங்குகின்றது என்பதிலும் நூல்கள் உடன்படவில்லை. சரகர் அறுபதுக்கு மேல் முதுமை என்பர். சுசுருதர் எழுபதுக்கு மேல் என்பர். ஆயுர்வேதம் இளமையைக் கபத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் உரியதாக்கும். சித்த மருத்துவ மரபோ வாழ்நாளின் முற்பகுதியை வாதத்துக்கும் பிற்பகுதியை ஐயத்துக்கும் உரியதாக்கும். செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பெயர் தாங்கிய மருத்துவ நூல்களைப் போற்றிவந்த யாழ்ப்பாணத்துப் பரம்பரை வைத்தியர் இவ்விரு மரபுகளின் சந்திப்பிலேயே தொழில் செய்தனர். ஒரே முதுமைக்கு எதிரெதிரான விளக்கங்கள் இருந்தமை, வயது என்பது இயற்கை தந்த வெறும் எண் அன்று, கோட்பாட்டின் வழியே நோக்கப்படும் ஒன்று என்பதை உணர்த்தும்.

ஆயினும் பழைமையைப் பொற்காலமாகக் காட்டுவது நமது நோக்கமன்று. அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கினைக் கூறுகின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான். இந்நான்கிற்கும் நந்நான்கு இலக்கணம் கூறப் புகுந்த பரிமேலழகர், நோயுற்றவனுக்கு உரியனவற்றுள் முதலாவதாக வைப்பது பொருளுடைமை. மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன அதன் பின்னரே வருகின்றன. சரகர் கூறும் நோயாளியின் குணங்களில் பொருளுடைமை இல்லை என்பது இங்கு ஒப்புநோக்கற்பாலது. சுசுருதரிடத்தும் வாக்படரிடத்தும் அது இடம்பெறுகின்றது. தமிழுரை அவ்வழியே செல்கின்றது. பொருளில்லாதவன் நோயாளியின் இலக்கணத்திலிருந்தே நீங்கிவிடுகின்றான். நிலவுடைமைச் சமுதாயத்தின் மருத்துவம் பருவத்தையும் வலியையும் நுட்பமாகப் பிரித்தறிந்தது உண்மை. அந்நுட்பம் யாருடைய படுக்கையருகே செயற்பட்டது என்பதையும் அதே உரை ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றது.

3

வலு எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு விடை உண்டு. ஆண்டு பலவாகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலை நாம் அனைவரும் அறிவோம். அவர் மருந்தையோ கற்பத்தையோ குறிப்பிடவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், காக்கும் வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என உறவுகளையே அடுக்குகின்றார். முதுமையில் வலுவைச் சமூக உறவுகளின் விளைவாகக் காணும் இப்பார்வை வியக்கத்தக்கது.

ஆனால் அவ்வடுக்கில் ஏவலரும் உளர் என்பதைத் திறனாய்வாளர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். தலைவரின் குறிப்பறிந்து உழைத்தவர்களின் தலைமுடி எந்த வயதில் நரைத்தது என்று பாடல் கூறவில்லை; கூறவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஒருவரது முதுமையின் வலு மற்றொருவரது இளமையின் உழைப்பிலிருந்து பெறப்பட்டதாக இருத்தல் கூடும். கார்ல் மார்க்ஸ் 1867ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் விளக்கியதும் இவ்வகையான உண்மையே. உழைப்புச் சக்தியின் ஆயுளைப் பற்றி மூலதனம் தானாகக் கவலை கொள்வதில்லை. ஒரு நாளில் அதிகமாக உறிஞ்சப்படும் உழைப்பு, வாழ்நாளின் இறுதியிலிருந்து கழிக்கப்படுகின்றது. வலு என்பது உடலில் எழுதப்பட்ட உழைப்பின் வரலாறு என்று கூறின் அது மிகையாகாது.

புங்குடுதீவில் இவ்வரலாற்றின் முக்கியமானதோர் எழுத்து நீர். தீவகத்தில் நன்னீர் அரிது, உவர்நீரே பெரும்பான்மை. நன்னீர்க் கிணறு யாருக்குத் திறந்திருந்தது என்பது யாருடைய உடல் நலம்பெற்றது என்பதையும் தீர்மானித்தது. 1971ஆம் ஆண்டில் புங்குடுதீவுக் கண்ணகியம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காக நடைபெற்ற சத்தியாக்கிரகத்தில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் முன்னின்றார், காவலரின் தாக்குதலுக்கும் உள்ளானார். நாற்பது வயதை எட்டுமுன் 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மார்க்சியத் திறனாய்வாளரோடு அவர் நிகழ்த்திய விவாதங்கள் நன்கறியப்பட்டவை. அவருடைய மெய்யியலை நாம் ஏற்பதில்லை. ஆயினும் நீருக்கும் மனித மேன்மைக்கும் உள்ள தொடர்பை நடைமுறையில் நிறுவ முற்பட்டவர் அவர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. குடமேந்திக் காத்துநின்று, பிறர் ஊற்றியதை வாங்கி, தொலைவு சுமந்து வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒரு பெண்ணின் முழங்காலை, அவ்வாறு வாழாத மற்றொரு பெண்ணின் முழங்காலோடு ஒரே அட்டவணையில் வைத்து ‘வலு’ என அளக்கும்பொழுது, சாதியின் விளைவே மருத்துவக் குறிப்பாக மாறிவிடுகின்றது.

4

வயதை எண்ணாக மட்டும் காணும் போக்கு நவீன அரசோடும் கூலியுழைப்போடும் வலுப்பெற்றது. ஓய்வூதியம், காப்புறுதி, குடிசனக் கணக்கெடுப்பு ஆகியன திட்டமான ஒரு கோட்டை வேண்டிநின்றன. அக்கோடு உடலின் தன்மையைவிடக் கருவூலத்தின் தன்மையையே பெரிதும் சார்ந்தது என்பதற்கு அண்மைச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2022ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தின்படி அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. பொருளாதாரம் வீழ்ந்தபின் அதே ஆண்டு ஓகஸ்டு மாத இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் எவருடைய உடலும் ஐந்தாண்டு மூப்படையவில்லை.

மருத்துவத் துறையில் இப்போக்கு வெளிப்படையாகத் தோன்றிய இடம் அமெரிக்காவின் சியற்றில் நகரம். 1962ஆம் ஆண்டில் அங்குச் செயற்கைச் சிறுநீரக நிலையம் தொடங்கப்பட்டபொழுது கருவிகள் சிலவே இருந்தன, தேவைப்பட்டோர் பலர். நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர் முதலிலேயே நீக்கப்பட்டனர். எஞ்சியோருள் யார் வாழ்வது என்பதை எழுவர் கொண்ட குழு தீர்மானித்தது. தொழில், வருமானம், கல்வி, குடும்பப் பொறுப்பு என்பன அக்குழுவின் கவனத்திற்கு உரியனவாயின. முதலில் வயது, பின்னர் பயன்பாடு. பரிமேலழகரின் பொருளுடைமை வேறோர் உடையில் மீண்டு வந்தமையை நாம் இங்குக் காண்கின்றோம்.

இதனைவிடப் பரந்த அளவில் செயற்பட்டது உலக வங்கி 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக வளர்ச்சி அறிக்கை. நோயினால் இழக்கப்படும் வாழ்வாண்டுகளைக் கணக்கிட்ட அவ்வறிக்கை, எல்லா வயதின் ஆண்டையும் சமமாகக் கொள்ளவில்லை. ஓர் ஆண்டின் மதிப்பு பிறப்பிலிருந்து உயர்ந்து, ஏறத்தாழ இருபத்தைந்து வயதில் உச்சமடைந்து, பின்னர் குறைந்து செல்வதாக அங்கு வைக்கப்பட்டது. முதியவரின் ஓராண்டு இளைஞரின் ஓராண்டினும் மலிவு என்பதே இதன் பொருள். மூன்றாம் உலக நாடுகளின் சுகாதாரச் செலவினங்களுக்கு வழிகாட்டும் அளவுகோலாக இது முன்வைக்கப்பட்டது. கடும் விமரிசனங்களுக்குப் பின், 2010ஆம் ஆண்டுக்குரிய உலக நோய்ச்சுமை ஆய்வில் இவ்வயது எடையிடல் கைவிடப்பட்டது. வழக்காறு போன்று தோன்றிய ஒரு கணிப்பு மாற்றப்படத் தக்கது என்பதற்கு இது சான்றாகும்.

வயது வரம்பை வெளிப்படையாக ஆதரித்தோரும் உளர். 1987ஆம் ஆண்டில் அமெரிக்க அறவியலாளர் டானியல் கலஹன், இயல்பான வாழ்நாளை நிறைவுசெய்தோருக்கு உயிரை நீட்டிக்கும் சிகிச்சைகளைப் பொதுச்செலவில் வழங்குவதற்கு எல்லை வேண்டும் என வாதிட்டார். பிரித்தானியப் பொருளியலாளர் அலன் வில்லியம்ஸ், கிரிக்கட்டிலிருந்து பெற்ற உருவகத்தால், ஒவ்வொருவருக்கும் நியாயமான ஓர் ‘இன்னிங்ஸ்’ உண்டு என 1997ஆம் ஆண்டில் எழுதினார். இவ்வாதத்தில் நீதியின் கூறு ஒன்று இருக்கின்றது என்பதை நாம் மறைத்தல் ஆகாது: இருபது வயதில் இறப்பவன் இழப்பது எண்பது வயதில் இறப்பவன் இழப்பதினும் பெரிது. ஆயினும் எல்லோரும் ஒரே ஆடுகளத்தில் ஆடினர் என்னும் எடுகோளே இவ்வாதத்தின் அடித்தளம். அந்த எடுகோள் புங்குடுதீவுக் கிணற்றடியில் நிற்காது.

5

வயதெண்ணின் குறைபாட்டை உணர்ந்த மருத்துவ அறிவியல் வலுவின் பக்கம் திரும்பியமை அண்மைக்கால வளர்ச்சியாகும். கனடாவில் கெனத் ரொக்வூட்டும் அவர்தம் உடனாய்வாளரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட தளர்ச்சி அளவுகோல், முதியவர் நோய்க்கு முன்னர் எவ்வாறு நடமாடினார், எப்பணிகளைத் தாமே செய்தார், எவற்றுக்குப் பிறர் துணையை நாடினார் என்பவற்றைக்கொண்டு அவரது நிலையைப் படிகளாகப் பிரிக்கின்றது. செயல் செய்யும் திறனால் வலுவை அறிக என்ற சரகரின் நெறிக்கு இது மிக நெருங்கியது. கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இத்தாலிய மயக்கமருந்து, தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் அனுமதிக்கு வயது வரம்பு தேவைப்படலாம் எனக் கூறியபொழுது, பிரித்தானியாவின் வழிகாட்டி நெறிகள் இத்தளர்ச்சி அளவுகோலைக் கைக்கொண்டன. எண்ணினும் வலுவை நோக்குதல் முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆனால் சில நாட்களிலேயே அவ்வழிகாட்டி திருத்தப்பட்டது. நிலையான உடற்குறைபாட்டோடு வாழ்வோர் அன்றாடப் பணிகளுக்குத் துணை நாடுவதனாலேயே ‘தளர்ந்தோர்’ எனக் கணிக்கப்படுவர் என்ற எதிர்ப்பு எழுந்தமையே காரணம். அவ்வெதிர்ப்பின் உட்பொருள் நமக்கு முக்கியமானது. துணை வேண்டியிருத்தல் என்பது உடலின் இயல்பு மட்டுமன்று. வீதியின் இயல்பும், வீட்டின் இயல்பும், உறவின் இயல்பும் ஆகும்.

இதனைப் புங்குடுதீவில் வைத்து நோக்குவோம். தீவினின்றும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல இரண்டு தாம்போதிகளைக் கடக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ வருவோர் முதலில் படகில் குறிகட்டுவானை அடைய வேண்டும். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின், அக்கடற்பாதை வெறும் பாதையாக இருக்கவில்லை. 1991ஆம் ஆண்டில் படையினர் தீவைக் கைப்பற்றியபொழுது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர், பலர் திரும்பவில்லை. பூட்டிய வீடுகளும் கூரையிழந்த சுவர்களும் இன்றும் அதற்குச் சான்று. இச்சூழலில் ஒருவர் காலந்தாழ்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், அவரது உடல் தளர்ந்திருப்பதாகவே குறிப்பெழுதப்படும். தளர்ச்சியின் எப்பங்கு முதுமைக்கு உரியது, எப்பங்கு தொலைவுக்கு உரியது என்பதற்குக் குறிப்பேட்டில் இடமில்லை.

நால்வகை உறுப்புகளுள் நான்காமவனாகிய உழைச்செல்வான் இங்கு இல்லாதொழிந்தமையே எல்லாவற்றினும் முக்கியமான மாற்றம். அவனுக்கு அன்பும் தூய்மையும் அறிவும் சொல்லியதைச் செய்யும் வன்மையும் வேண்டும் என்றனர் முன்னோர். அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவ்வுழைப்புக்கு எக்கணக்கிலும் விலையிடப்படவில்லை. இன்று மகள் ரொறன்ரோவிலும் மகன் பாரிசிலும் இருக்க, அன்பு தொலைபேசியிலும் பொருள் வங்கியிலும் வருகின்றன. உடைமையுள்ள பிள்ளைகளைப் பெற்ற முதியவருக்குத் தனியார் மருத்துவமனையில் அளவுக்கு மிஞ்சிய சிகிச்சை வழங்கப்படுதலும், யாருமற்றவருக்கு ஏற்ற சிகிச்சையே மறுக்கப்படுதலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். முன்னவரின் வலு அளக்கப்படுவதில்லை. ஏனெனில் பணம் இருக்கின்றது. பின்னவரின் வலுவும் அளக்கப்படுவதில்லை. ஏனெனில் வயது போதுமான விடையாகின்றது. முதலாமவர் தாம் வேண்டாத குழாய்களோடும் கருவிகளோடும் இறக்கின்றார். இரண்டாமவர் தமக்கு வேண்டியிருந்த ஒரு கண்புரைச் சத்திரசிகிச்சையும் இன்றி இருளில் வாழ்கின்றார்.

மொழியும் இதனோடு தொடர்புடையது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார். ‘மூலதனம்’ வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டில் அவரது ‘இரணவைத்தியம்’ வெளிவந்தது. தமிழிற் பயின்றோர் கிராமங்களிலே தங்கிப் பணியாற்றுவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. மிஷனரி நோக்கம் அதனுள் இருந்தது உண்மையே. எனினும், சத்திரசிகிச்சையின் நன்மை தீமைகளை நோயாளியின் மொழியிலே பேசுதற்கான ஒரு கலைச்சொல் மரபு அதனால் உருவாகியது. அவருக்குப் பின் மருத்துவக் கல்வி மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறியபொழுது, முடிவெடுக்கும் உரையாடல் நோயாளியின் தலைக்கு மேலாக நிகழலாயிற்று. ‘மருத்துவன்வழி நிற்றல்’ ஒன்றே அவருக்கு எஞ்சியது.

6

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் வந்தடையலாம்.

முதலாவதாக, வயது மட்டும் சிகிச்சையை மறுப்பதற்குக் காரணமாதல் கூடாது. அது பலவற்றுள் ஒரு குறிப்பு. பழைய நூலார் அதனைப் பட்டியலின் இறுதியில் வைத்தது வெறும் தற்செயலாக இருப்பினும், அவ்வரிசை நமக்கு உவப்பானதே. இரண்டாவதாக, வலு கட்டாயம் மதிப்பிடப்பட வேண்டும். மதிப்பிடாது விடுதல் கருணையன்று. தாங்கவியலாத சிகிச்சையை ஒருவர்மேல் சுமத்துதலும் வன்முறையே. ஆயின் அம்மதிப்பீடு இச்சிகிச்சை இவருக்கு என்ன செய்யும் என்ற வினாவுக்கு விடையாக அமையவேண்டுமேயன்றி, இவர் எவ்வளவு பெறுமதியுடையவர் என்ற வினாவுக்கு விடையாகிவிடலாகாது. மூன்றாவதாக, அளக்கப்பட்ட வலு முற்றுப்பெற்ற ஒன்றன்று. நல்லுணவாலும், பயிற்சியாலும், பேணுவோராலும், உரிய நேரத்தில் வரும் வாகனத்தாலும் அது மாறக்கூடியது. தளர்ச்சியை எழுதும் கை அதன் காரணத்தையும் எழுதுமாயின் பரிகாரம் எங்குள்ளது என்பது புலனாகும். நான்காவதாக, முதியவரிடமே கேட்டல் வேண்டும். அவர் மொழியில், அவருக்குப் போதிய நேரம் கொடுத்து, பிள்ளைகளின் தொலைபேசிக்கு முன்னதாக.

வளம் குறைந்த நாட்டில் தெரிவு தவிர்க்கவியலாதது என்று கூறப்படும். 2022ஆம் ஆண்டில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டமையை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் பற்றாக்குறையும் வரலாறு உடையது. அது வானிலிருந்து விழுவதன்று. 1946ஆம் ஆண்டில் ஏறத்தாழ 43 ஆண்டாக இருந்த இலங்கையரின் சராசரி ஆயுள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பதற்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் பெருங்காரணங்கள். சர்வசன வாக்குரிமை பெற்ற உழைக்கும் மக்கள் அரசிடமிருந்து ஈட்டிய உரிமைகள் அவை. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டோரும் ஆவர். அவ்வீதம் அதன்பின் மேலும் உயர்ந்துள்ளது. முதுமை இந்நாட்டுக்கு வந்த சுமையன்று. போராடிப் பெற்ற வெற்றியின் விளைச்சல். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் உண்டு. அது தீவகத்தின் கடைசி வீட்டை எட்டுவதற்கு மருந்தும் வாகனமும் ஊதியம் பெறும் பேணுநரும் வேண்டும்.

பழைய நூல் நால்வரைக் கூறியது. அவருள் மருத்துவனும் மருந்தும் பெருவளர்ச்சி கண்டுவிட்டனர். நோயுற்றவனின் இலக்கணத்திலிருந்து பொருளுடைமையை நீக்குவதும், இல்லாதொழிந்த உழைச்செல்வானைச் சமுதாயத்தின் பொறுப்பாக மீளவும் படுக்கையருகே நிறுத்துவதும் இனிச் செய்யவேண்டிய பணிகள். அவை நிறைவேறும்வரை, முதியவரின் வலுவை நாம் அளக்கின்றோம் என்று கூறுவது அவருக்கு இதுவரை மறுக்கப்பட்டவற்றையே அளப்பதாக முடியும்.